குண்டூசிக் கொசு

எங்கள் ஊரில் முந்திரிப் பூ கருகினால் அதற்கு ஒரு பெண் பொறுப்பாக வேண்டும். வீட்டுக்குத் தூரமானவள் கொல்லைக்குள் நடந்திருப்பாள். தாலியறுத்தவள் எதிரே வந்திருப்பாள். பிள்ளை இல்லாதவள் அண்ணாந்து பார்த்திருப்பாள். மழை பொய்த்தால் கடவுளைத் திட்டுவார்கள், விலை விழுந்தால் வியாபாரியைத் திட்டுவார்கள், பூ கருகினால் மட்டும் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பண்ருட்டிக்கு அருகே செம்மண் பூமி எங்களுடையது. பலாவும் முந்திரியும்தான் வெள்ளாமை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முந்திரி துளிர்க்கும். தையிலும் மாசியிலும் பூங்கொத்து தள்ளும். கொத்தாக, வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, கிட்டத்தில் போனால் புளித்த தேன் போல ஒரு வாசனை. வருஷத்துக்கான அரிசி, பள்ளிக்கூடச் செலவு, கல்யாணக் கடன் எல்லாம் அந்தக் கொத்தில்தான் தொங்கும். சில வருஷங்களில் அது இரண்டு வாரத்தில் தீ வைத்த மாதிரி கருத்துப்போகும். துளிரில் முதலில் பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் விழும். அவை நீண்டு ஒன்றோடொன்று சேரும். பிசின் கசியும். நுனி காய்ந்து நிற்கும். கொல்லை முழுக்க யாரோ கொள்ளிக்கட்டையோடு நடந்துபோன மாதிரி இருக்கும்.

அதைச் செய்வது ஒரு பூச்சி. ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் நீளம். மெல்லிய உடம்பு, உடம்பைவிட நீண்ட உணர்கொம்புகள், கொசுவைப் போன்ற கால்கள். வேளாண் அலுவலகத் துண்டறிக்கைகளில் ‘தேயிலைக் கொசு’ என்று போட்டிருக்கும். பூச்சியியல் நூல்களில் ‘தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சி’. ஆனால் அது கொசு அல்ல, கொசுவுக்கு உறவும் அல்ல. செடிகளின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும் நாவாய்ப்பூச்சிகளில் மிரிடே என்று ஒரு குடும்பம் உண்டு. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் அது. அதில் ஹெலோபெல்டிஸ் என்பது ஒரு பேரினம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலும் ஆஸ்திரேலியா வரையிலும் அதன் இனங்கள் சுமார் நாற்பது இருக்கின்றன. தென்னிந்தியாவில் முக்கியமாகப் பேசப்படுபவை மூன்று: ஆண்டோனி, பிராடியி, தேயிவோரா. முந்திரியைக் கருக்குவதில் ஆண்டோனிக்கே முதலிடம். தேயிலையில் தேயிவோரா.

நாவாய் என்றால் கப்பல் என்று வகுப்பில் நடத்துகிறவள் நான். இந்தப் பூச்சியின் பெயரை மட்டும் நா, வாய் என்று பிரித்துப் படித்துக்கொள்கிறேன். வாயே ஒரு நீண்ட நாக்காகி, ஊசியாகி, துளிருக்குள் இறங்குகிறது. உறிஞ்சுவதற்கு முன் எச்சிலைச் செலுத்துகிறது. அந்த எச்சில் பட்ட இடத்தில் திசு செத்துக் கருக்கிறது. உறிஞ்சிய சாறு கொஞ்சம், எச்சில் செய்த சேதம் அதிகம். ஒரு பூச்சி ஒரே நாளில் நூறு புள்ளிகள் வரை வைத்துவிடும் என்கிறார்கள்.

கொசுவோடு ஒப்பிடும்போது இன்னொரு வித்தியாசமும் உண்டு. கொசுவில் கடிப்பது பெண் மட்டும். அதை வைத்து நம் ஆண்கள் எத்தனை நகைச்சுவை சொல்லிவிட்டார்கள்! எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் டெங்கு விழிப்புணர்வு வாரம் வந்தால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். ஹெலோபெல்டிஸில் ஆணும் குத்தும், பெண்ணும் குத்தும், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சும் குத்தும். இதை வைத்து யாரும் நகைச்சுவை சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் பூச்சியை எனக்குக் காட்டியவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ள, ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த வருஷமே கிழக்குக் கொல்லை கருகியது. என் ஆயா, அவளைப் பெற்றவள், அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “நீ தையி, மாசி ரெண்டு மாசமும் கொல்லப் பக்கம் போவாத. நான் சொல்லல, ஊரு சொல்லுது.” ஆயா கெட்டவள் இல்லை. மகளுக்குத் தன் பங்குச் சோற்றைப் போட்டவள். ஆனால் ஊரின் வாக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கும் வேலையும் அவளுக்கே கொடுக்கப்பட்டிருந்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. கொல்லைக்குப் போகாதே என்று சொன்ன அந்த ஊரில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. பெண்கள் எல்லாரும் விடியுமுன் முந்திரிக் கொல்லைக்குத்தான் போயாக வேண்டும். பூத்த மரத்தடியில் நடக்கக்கூடாதவள் இருட்டில் அதே மரத்தடியில் குந்தலாம், யாரும் பார்க்காதவரை. அத்தை தினமும் போனாள். நன்றாக வெளுக்கும் வரை மெதுவாகத் திரும்புவாள். தேயிலைக் கொசு வெயில் ஏறினால் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். அதிகாலையிலும் அந்தியிலும்தான் துளிர்களில் மும்முரமாக இருக்கும். ஊரில் அந்த நேரத்தில் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றவர்கள் பெண்கள்தாம். அதிலும் நிதானமாகப் பார்க்க நேரம் இருந்தவள், திரும்பிப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியிராத என் அத்தை.

ஒருநாள் தீப்பெட்டிக்குள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்ணீர்த் தொட்டியடியில் என்னை உட்காரவைத்துத் திறந்து காட்டினாள். கருப்புத் தலை, சிவந்த மார்பு, வெள்ளையும் கருப்புமான வயிறு. முதுகின் நடுவிலிருந்து ஒரு முள் மேலே எழும்பி, நுனியில் மொட்டு வைத்து நின்றது. “பாரு, முதுகுல குண்டூசி குத்தியிருக்கு. இந்தக் குண்டூசிக் கொசு ஒக்காந்த எடமெல்லாம் சாயங்காலத்துக்குள்ள பொட்டு விழுவுது. நான் நாலு நாளா பாக்கறன்.” அப்பாவிடமும் சொன்னாள். அப்பா சிரித்தார். கொசு கருக்குமா மரத்தை?

எத்தனையோ வருஷம் கழித்து, ஆய்வுப் பட்டமும் வேலையும் வாங்கிய பிறகு, நூலகத்தில் ஒரு பூச்சியியல் நூலைப் புரட்டும்போது ஹெலோபெல்டிஸ் என்ற சொல்லின் பொருளைப் பார்த்தேன். கிரேக்கத்தில் ‘ஹெலோஸ்’ என்றால் ஆணி. ‘பெல்டே’ என்றால் சிறு கேடயம். முதுகில் கேடயம் போன்ற தகட்டில் ஆணி நிற்பதால் அந்தப் பெயர். 1858இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் சிக்னோரே இலங்கையிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து இட்டது. பாரிஸில் இருந்த ஒருவர் கண்ணாடிக்கு அடியில் கண்டதை எங்கள் ஊர்த் தொட்டியடியில் தீப்பெட்டியைத் திறந்த ஒரு பெண்ணும் கண்டாள். அவர் ஆணி என்றார், இவள் குண்டூசி என்றாள். நான் தமிழ் படித்தவள், சொல்லின் நேர்த்தி பற்றி ஒரு கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால், குண்டூசி இன்னும் சரி. அந்த முள்ளின் நுனியில் தலை இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது பேரினப் பெயராக உலகம் முழுக்க நிற்கிறது. இவள் சொன்னது என் வீட்டைத் தாண்டவில்லை.

இனப் பெயர்களையும் பார்த்தேன். ஆண்டோனி என்பது இலத்தீனில் ஆண் பெயரின் உடைமை வடிவம். ‘ஆண்டோனியினுடையது’. பிராடியி என்பதும் அப்படியே, பிராடியினுடையது. தேயிவோரா மட்டும் வேறு. ‘தேயிலை தின்பது’ என்று பொருள். பேரினப் பெயர் பெண்பாலாக இருப்பதால் அதற்கு இசைந்து இதுவும் பெண்பால் விகுதி ஏற்றிருக்கிறது. அப்படியே மொழிபெயர்த்தால் ‘தேயிலை தின்பவள்’. உடைமையாக இருக்கும்போது ஆண் பெயர், தின்று அழிக்கும்போது பெண்பால். இது வெறும் இலக்கண விபத்து என்று எனக்குத் தெரியும். தமிழில் பூச்சிகள் எல்லாம் அஃறிணை, இந்தச் சிக்கலே இல்லை. இருந்தாலும் இலக்கணம் படித்தவளுக்கு இப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்தும் பாராமல் கடந்துபோக முடிவதில்லை.

எனக்குச் சோறு போடும் சங்க இலக்கியத்தில் விளைச்சலைக் காப்பவள் பெண். குறிஞ்சியில் தினை முற்றும்போது பரணில் ஏறி, தட்டையும் கவணும் கொண்டு கிளி ஓட்டுபவள் தலைவி. கதிருக்கும் அவளுக்கும் இடையே ஒரு பகையும் கற்பிக்கப்படவில்லை. ஆனால் அதைச் சொல்லிப் பொற்காலம் பாட எனக்கு மனம் வராது. தினை கொய்ததும் அவள் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்று அதற்கு அழகான துறைப்பெயர் வைத்திருக்கிறோம். புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பாத்திரம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மாதவிலக்குப் பெண்கள் ஓர் உவமையாக வருகிறார்கள். பொன்முடியார் பாட்டு அது. உவமையாக ஆகும் அளவுக்கு அந்த ஒதுக்கம் அப்போதே எல்லாருக்கும் தெரிந்த காட்சி. என் ஆயாவின் வாயில் வந்த சொல் அவளுடையது இல்லை என்று இப்படித்தான் எனக்குப் புரிந்தது.

ஓரிரு வருஷம் கழித்து வேளாண் துறையிலிருந்து ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். பஞ்சாயத்து கட்டடத்தில் கூட்டம். விவசாயிகளுக்குத்தான் அழைப்பு, அதாவது பட்டா வைத்திருந்தவர்களுக்கு, அதாவது ஆண்களுக்கு. அப்பா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து செய்தியாகச் சொன்னார். “அது தேயிலைக் கொசுவாம். அதுதான் கருக்குதாம். மருந்தடிக்கணுமாம்.” அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், காரணம் தெரிந்த பிறகும் தடை விலகவில்லை. அடுத்த தையிலும் அவள் கொல்லைக்குப் போகக்கூடாதுதான். கொசு ஒரு காரணம் என்றால் கொசு வருவதற்கு ஒரு காரணம் வேண்டாமா என்றார்கள். அறிவியல் வந்து மூடநம்பிக்கையை விரட்டிவிடும் என்று மேடையில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே திண்ணையில் இடித்துக்கொள்ளாமல் உட்காரும்.

மருந்து வந்தது. முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு ஆண்கள் அடித்தார்கள். பழமும் கொட்டையும் உதிரும் காலத்தில் குனிந்து பொறுக்கியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். என்னென்ன மருந்து அடித்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பெயர் தெரியாது. காலி டப்பாவைக் கழுவி ஆயா அதில் விதை போட்டு வைத்திருந்தாள்.

அதே பூச்சிக்காக, அதே முந்திரிக்காக, காசர்கோட்டில் நடந்ததைப் பின்னால் படித்தேன். கேரள அரசின் தோட்டக் கழகம் அங்கே 4,500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட முந்திரித் தோட்டங்களில் 1970களின் பின்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. குறி, தேயிலைக் கொசு. குன்றுகளும் ஓடைகளும் கிணறுகளுமான நிலம் அது. மேலிருந்து விழுந்த மருந்துக்குத் துளிர் எது, குடிதண்ணீர் எது என்று தெரியாது. பிறவிக் குறைபாடுகளும் வளர்ச்சிக் குறைவும் நரம்பு நோய்களும் அந்தக் கிராமங்களில் குவிந்தன. தெய்வக் கோபம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். தெய்வக் கோபம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, யார் செய்த குற்றம் என்பது. அந்தக் கேள்வி எந்த வீட்டிலும் முதலில் பெற்றவளைத்தான் பார்க்கும்.

அங்கே நீதிமன்றம் போனவர்களில் முன்னோடி ஒரு பெண். லீலாகுமாரி அம்மா, வேளாண் துறையிலேயே வேலை பார்த்தவர். துறை பரிந்துரைக்கும் மருந்தைத் தன் வீட்டின் மேலும் தெளிக்காதே என்று 1998இல் வழக்குத் தொடுத்தார். 2000இல் வான்வழித் தெளிப்பு நின்றது. 2011இல் எண்டோசல்பான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் இந்தியாவில் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 2022 மே மாதம் வழக்கு மறுபடி வந்தபோது, 3,704 பேரில் 8 பேருக்கு மட்டுமே பணம் போயிருந்தது. இடைப்பட்ட வருஷங்களில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் அம்மாக்கள். இருபது வயது மகனை இடுப்பில் சுமக்கும் ஒரு அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு, அன்று வகுப்பில் தாலாட்டு இலக்கியம் நடத்த என்னால் முடியவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேயிலையின் கதை இதற்கு முந்தையது. அஸ்ஸாம் தோட்டக்காரர்கள் 1870களிலேயே இந்தப் பூச்சியைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1884இல் கல்கத்தா அருங்காட்சியகத்தின் வுட்-மேசன் அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டார். இதில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. ஆண்டோனிக்குப் பெயர் வைத்தது 1858இல். இலங்கையில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல். பூச்சிக்குப் பெயர் முதலில் வந்தது, தேயிலைத் தோட்டம் பிறகு வந்தது. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். காட்டில் பலவிதத் துளிர்களைத் தின்றுகொண்டு, தன்னைத் தின்பவற்றுக்குப் பயந்துகொண்டு இருந்த ஒரு பூச்சியின் முன்னால், மலை மலையாக ஒரே செடியை நட்டு, வருஷம் முழுக்கத் துளிர்க்கவைத்து, பிறகு அதற்குத் ‘தேயிலைக் கொசு’ என்று பட்டம் கொடுத்தோம். பந்தி போட்டவர்களே வந்தவனைத் திருடன் என்றார்கள்.

வால்பாறையிலிருந்து வந்து என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். அம்மா கொழுந்து பறிப்பவர். நான் இந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்டதும், அவள் நோட்டில் தேயிலைக் கொழுந்தை வரைந்து, அதில் புள்ளிகள் வைத்தாள். “இரண்டு இலை, ஒரு மொட்டு. அம்மாவுக்கும் அதுதான் வேண்டும், கொசுவுக்கும் அதுதான் வேண்டும் மேம். கொசு முந்திக்கிட்டா அன்னிக்கு எடை குறையும். எடை குறைஞ்சா திட்டு கொசுவுக்கு இல்ல.” கருகிய கொழுந்து சுருண்டுவிடும், பறித்தாலும் கழிவு. மருந்தடித்த செடிகளுக்குள் எத்தனை நாளில் பறிக்க இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர். இறங்கும் விரல்கள் பெண்களுடையவை.

அந்த விரல்கள் ஒருமுறை சாலைக்கு வந்தன. 2015 செப்டம்பரில் மூணாறில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும், தோட்டத் தொழிலாளிப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்போது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள். போனஸில் வென்றார்கள். கூலி 301 ஆனது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லைதான். ஆனால் எங்களுக்காகப் பேச யாரும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது இருக்கிறதே, அதைக் கேட்டபோது எனக்கு முறத்தைப் பார்த்தபடி தலை நிமிராமல் இருந்த அத்தை நினைவுக்கு வந்தாள்.

முந்திரியிலும் விரல்தான். என் அம்மா முப்பது வருஷம் கொட்டை உடைத்தவள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனிகள் கருத்து, வெடித்து, உரிந்து, கடைசியில் வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வந்த பிறகு அம்மாவின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் அது ஏற்கவில்லை. இரண்டு மாதம் அரிசி இல்லாமல் திரும்பினாள். கடைசியில் கண்ணைக் காட்டி வாங்கினாள். “ரேகையக் கொட்ட தின்னுடுச்சி” என்று சொல்லிச் சிரித்தாள். பூச்சி பூவைத் தின்றால் வேளாண் துறை வருகிறது. கொட்டை ரேகையைத் தின்றால் எந்தத் துறையும் வருவதில்லை.

வேம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021ஐ ஒட்டிய வருஷங்களில் தெலங்கானாவிலும் நம் மாவட்டங்கள் சிலவற்றிலும் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பூஞ்சை நோயும் இதே ஆண்டோனியும் சேர்ந்து செய்த வேலை அது. பூச்சிகளை விரட்ட நாம் வேப்பெண்ணெய் அடிக்கிறோம். இது வேம்பின் துளிரையே குத்திக் குடிக்கிறது. மாரியம்மன் மரம் கருகுகிறது, நாட்டுக்கு ஆகாது என்று எங்கள் தெருவில் பரிகாரம் பேசினார்கள். எந்தப் பெண் என்ன செய்தாள் என்று பேச்சு தொடங்கும் முன்னே பங்குனியில் மரங்கள் மறுபடி துளிர்த்துவிட்டன. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எனக்கும் பிள்ளை இல்லை. இதை நான் அதிகம் எழுதியதில்லை. நாற்பதைக் கடந்தபின் கேள்விகள் குறைந்திருக்கின்றன, ஆனால் இடங்கள் அப்படியே இருக்கின்றன. வளைகாப்புக்கு அழைப்பார்கள், வளையல் பூட்டும் வரிசை என்னிடம் வரும்போது யாராவது அவசரமாக என்னிடம் வேறு வேலை சொல்வார்கள். பன்னீர்ச்செம்பை எடுத்துக்கொண்டு வாங்க மேடம் என்பார்கள். போவேன். அத்தையின் கொல்லைக்கு அவளை விடாத வேலி என் படிப்பால் கரைந்துவிடவில்லை, வேலியைப் பார்க்கும் பார்வை மட்டும் கிடைத்திருக்கிறது.

முந்திரியில் தேயிலைக் கொசுவைக் கட்டுப்படுத்த மருந்துக்கு மாற்றாக ஆய்வாளர்கள் காட்டும் வழிகளில் ஒன்று முசுறு. இலைகளைச் சேர்த்துத் தைத்து மரத்தில் கூடு கட்டுமே, அந்தச் செவ்வெறும்பு. கடித்தால் உயிர் போகும். கொட்டை பொறுக்குகிறவர்களைக் கடிக்கிறது என்று எங்கள் ஊரில் பந்தம் கொளுத்திக் கூட்டை எரிப்பார்கள். ஆனால் முசுறு நடமாடும் மரத்தில் தேயிலைக் கொசு குறைவாகவே இருக்கும். கூட்டுக்குக் கூடு கயிறு கட்டி மரத்திலிருந்து மரத்துக்கு அவற்றைப் பரவவிடலாம். இந்த எறும்புகளில் முட்டையிட ஒரு ராணி இருக்கிறாள். மற்றபடி இலை தைப்பது, இரை தேடுவது, காவல் நிற்பது எல்லாம் செய்யும் வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பெண்கள். பிள்ளை பெறாத பெண்கள். மரத்தைக் காக்கிறவர்கள் அவர்கள். இதை வாசித்த இரவு நான் அத்தைக்கு ஒரு கவிதை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இயற்கை ஏற்கெனவே அப்பட்டமாகச் சொல்லிவிட்டதைக் கவிதை செய்வது கஷ்டம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரை ஏறியது. ஒரே நாளில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிழக்குக் கொல்லையில் எழுந்து நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணலாம். அத்தை அப்போது உயிரோடு இருந்தாள். புயல் ஓய்ந்ததும் கொல்லைக்குப் போய் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வருஷம் யாரும் எந்தப் பெண்ணையும் குற்றம் சொல்லவில்லை. புயலுக்கு ஒரு பெயர் இருந்தது, தொலைக்காட்சியில் அதன் படம் இருந்தது, நிவாரணத்துக்கு ஒரு தொகை இருந்தது. பெயரும் படமும் தொகையும் கிடைக்காத நஷ்டங்களுக்குத்தான் பெண்கள் தேவைப்படுகிறார்கள் போலும். அடுத்த வருஷம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

புதுக் கன்றுகள் இப்போது மரமாகிப் பூக்கின்றன. அண்ணன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டதால் கொல்லையை நடத்துவது அண்ணி. பட்டா இன்னும் அண்ணன் பெயரில். அதனால் கூட்டத்துக்கான அழைப்பும் அவர் பெயருக்கே வருகிறது. அண்ணி போய் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவாள். துளிரில் மயிரிழை போல ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரியும் அவளுக்கு. ஹெலோபெல்டிஸ் பெண்பூச்சி முட்டையைத் துளிருக்குள் செருகிவிடும். வெளியே தெரிவது மூச்சுக்காக நீண்டிருக்கும் இரண்டு மெல்லிய இழைகள் மட்டும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. கிழக்கு வரிசையில் ஒரு முசுறுக் கூட்டையும் அவள் எரிக்காமல் விட்டிருக்கிறாள்.

போன தை மாதம் நான் ஊரில் இருந்தேன். விடியற்காலை அண்ணி கொல்லைக்குக் கிளம்பினாள். அன்று அவளுக்கு இரண்டாம் நாள். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வாசல் தாண்டும்போது திண்ணையில் இருந்த அம்மா கூப்பிட்டாள். நான் உள்ளே காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“ஏம்மா, செருப்பப் போட்டுக்கினு போ. புல்லுல பனி இருக்கும்.”

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.